சூடானதும் கியர் தயங்குகிறது: ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) மாற்றினால் சரியாகுமா?

இரவுப்பயணி:
எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி ஆறு ஸ்பீடு ஆட்டோமேட்டிக். டார்க் கன்வர்ட்டர் வகைதான் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்துவது), பெல்ட்டில் ஓடும் சிவிடி இல்லை. 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர்பாக்ஸுக்குத் தனி டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உண்டு.

காலையில் எடுக்கும்போது வெண்ணெய் மாதிரி போகிறது. அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் தொல்லை. சிக்னலில் நின்று கிளம்பினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, ஒரு நொடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது. ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குப் போட்டால் தொம்மென்று ஓர் அடி. இரண்டு மாதத்துக்கு முன் சர்வீஸுக்கு விட்டபோது கியர் ஆயில் குறைவு என்று டாப்-அப் செய்து கொடுத்தார்கள். போன வாரம் பானெட்டைத் திறந்து பார்த்தால் கியர்பாக்ஸின் மேல்பக்கம் எண்ணெய் ஈரம். கசிகிறது போல என்று நானும் அரை லிட்டர் ஊற்றினேன். அதன் பிறகு தொல்லை அதிகமானதுதான் மிச்சம்.

மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் ஃபிளஷ் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

ஓரம்போ:
கையை வைக்காதீர்கள். அது ஆயுள் முழுவதற்கும் போட்ட ஆயில். பழைய வண்டியில் புது ஆயில் ஊற்றினால் கியர்பாக்ஸ் ஒரே மாதத்தில் போய்விடும். என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது.

கிரீஸ்விரல்:
மாற்றுவதா வேண்டாமா என்பது அப்புறம். முதலில் நாலு கேள்வி.

டாப்-அப் செய்யும் முன் அளவை எப்படிப் பார்த்தீர்கள்? எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, வண்டி சூடாக இருந்ததா? ஈரம் மேல்பக்கம் என்கிறீர்கள், கீழே பேன் (ஆயில் தேங்கும் தட்டு) ஓரத்திலும் இருக்கிறதா? டிப்ஸ்டிக்கில் குமிழி தெரிகிறதா? ஊற்றிய ஆயிலின் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

இரவுப்பயணி:
காலையில் ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தேன் அண்ணா. ‘ஹாட்’ என்று போட்ட கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தது, அதனால்தான் ஊற்றினேன். சர்வீஸிலும் காலையில் வண்டியை விட்டதும் அப்படித்தான் பார்த்தார்கள், நானே பக்கத்தில் நின்றேன். ஆயில், மேனுவலில் சொன்ன அதே கிரேடு.

நீங்கள் கேட்டதால் இன்று 20 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். ‘ஹாட்’ மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறி நிற்கிறது. குச்சி முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி, சோடாவில் முக்கி எடுத்த மாதிரி. பேன் ஓரம் காய்ந்துதான் இருக்கிறது. ஈரம் எல்லாம் மேலே, ஒரு சின்ன மூடி போன்ற இடத்தைச் சுற்றி.

கிரீஸ்விரல்:
அந்தச் சின்ன மூடிதான் ப்ரீதர், கியர்பாக்ஸ் மூச்சு விடும் துளை. உங்கள் வண்டியில் கசிவு இல்லை. அதிகம் குடித்துவிட்டுக் கக்குகிறது. கக்கியதைப் பார்த்து நீங்கள் இன்னும் அரை லிட்டர் ஊட்டியிருக்கிறீர்கள்.

நடந்தது இதுதான். ஏ.டி.எஃப். சூடானால் விரிகிறது. 8 லிட்டர் ஆயிலை 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 300 மி.லி. கூடும். குச்சியில் ‘ஹாட்’ கோடு போட்டிருப்பது 70, 80 டிகிரி சூட்டில் படிப்பதற்கு. குளிர்ந்த ஆயிலை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். அதை நம்பி ஊற்றினால், சூடானதும் அளவு மேலே போய்விடும். குளிர்ந்தபோது பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று ‘கூல்’ அல்லது ‘கோல்டு’ என்று கீழே தனிக் கோடு இருக்கும். அதுகூட உத்தேசக் கணக்குதான், மேலே உள்ள கோடுதான் இறுதித் தீர்ப்பு.

மேலே ஏறினால் என்ன கெட்டுப்போகும்? பேனில் இருக்கும் ஆயிலுக்கு மேலே கியர்கள் சுற்றுகின்றன. அளவு சரியாக இருந்தால் அவை ஆயிலைத் தொடாது. ஏறிவிட்டால் மோர் கடைகிற மத்து மாதிரி நுரை கிளப்பும். பம்ப் அந்த நுரையை உறிஞ்சி, கியர்களைப் பிடிக்கும் கிளட்ச் பேக்குகளுக்கு (கிளட்ச் தட்டு அடுக்குகளுக்கு) அனுப்பும். ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். அதனால் கிளட்ச் பிடிக்க வேண்டிய நேரத்தில் அழுத்தம் ஏறத் தாமதமாகும், நழுவும், பிறகு தொம்மென்று பிடிக்கும். நழுவினால் சூடு, சூட்டில் இன்னும் விரிவு, இன்னும் நுரை. நீங்கள் சொன்ன ‘அரை மணி நேரம் கழித்து’ என்பது இதோடு சரியாகப் பொருந்துகிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: ஆயில் குறைந்தாலும் நுரை வரும். பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஆகவே குமிழியை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது, அளவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

இனிமேல் பார்க்கும்போது இப்படிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே ஐட்லிங்கில் விட்டால் எஞ்சின் சூடாகும், கியர்பாக்ஸ் அவ்வளவாகச் சூடாகாது. அதனால் 15, 20 கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள். சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நொடி நிறுத்திக் கடைசியில் பார்க்கிங்கில் விடுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். குச்சியை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுதாக உள்ளே சொருகி, உடனே வெளியே எடுத்துப் படியுங்கள். பனியன் துணியால் துடைக்காதீர்கள். ஒரு நூல் வால்வு பாடிக்குள் (ஆயிலை அந்தந்தக் கிளட்சுக்குத் திருப்பிவிடும் பகுதி) போனால் அது வேறு கதை. குச்சியின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவு காட்டினால் குறைந்த பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்ச் சுவரில் ஒட்டிய ஆயில் ஒரு பக்கம் பூசிக்கொண்டு உயரமாகக் காட்டும்.

இது பெரும்பாலான வண்டிகளுக்கு. ஹோண்டாவில் பல மாடல்களுக்கு எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, 60 முதல் 90 நொடிக்குள் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். உங்கள் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் வேதம்.

இப்போதைக்கு ஃபிளஷ் வேண்டாம். அதிகமானதை வெளியே எடுங்கள்.

சிவிடிக்காரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது சிவிடி. அதுவும் ஆட்டோமேட்டிக்தானே, கையில் ஒரு டப்பா சிவப்பு ஏ.டி.எஃப். இருக்கிறது, அதையே ஊற்றலாமா?

மூன்றாம்கியர்:
கூடவே கூடாது அக்கா. சிவிடியில் உலோக பெல்ட்டோ சங்கிலியோ இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே அழுத்தத்தால் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பிடிமானத்துக்கென்றே கலந்த ஆயில் அது. சாதா ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியில் கோடு விழும், அப்புறம் மீட்க முடியாது. நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சிவப்பு வெறும் சாயம். எஞ்சின் ஆயிலிலிருந்து அடையாளம் தெரியவும், கசிந்தால் எது என்று கண்டுபிடிக்கவும் போட்டது. சில சிவிடி ஆயில்கள் பச்சையாகவும் நீலமாகவும்கூட வருகின்றன.

இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கும் தனி ஆயில். ஏ.எம்.டி. (கிளட்சையும் கியரையும் தானாகப் போடும் வகை) என்றால் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், அதற்கு மேனுவல் கியர் ஆயில். டார்க் கன்வர்ட்டர் பெட்டிக்குள்ளேயே ஆளுக்கொரு கிரேடு: டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ்., ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ.-1, ஹூண்டாய்க்கு எஸ்.பி.-4. ஒரே கம்பெனியில்கூடப் பழைய பெட்டிக்கு ஒன்று, புதிய பெட்டிக்கு ஒன்று. 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘டைப் ஏ’ என்று கொண்டுவந்தபோது ஒரே ஆயில் எல்லோருக்கும் போதுமாக இருந்தது. 1967-ல் டெக்ஸ்ரான் வந்தது, அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு பெயர். ‘எல்லா வண்டிக்கும் ஏற்றது’ என்று எழுதிய டப்பாவைப் பார்த்தால் நான் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடுவேன்.

பிளக்மட்டும்:
என் வண்டியில் டிப்ஸ்டிக்கே இல்லை. கம்பெனியில் மறந்துவிட்டார்களா?

மூன்றாம்கியர்:
மறக்கவில்லை, நம்மை நம்பவில்லை. மேலே நடந்த கதையைப் படித்தால் ஏன் என்று தெரியும்.

அந்த வகையில் பேனிலோ பக்கவாட்டிலோ அளவு பார்க்க ஒரு பிளக் இருக்கும். வண்டி மட்டமாக நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஆயிலின் சூடு குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். பல பெட்டிகளுக்கு 40 டிகிரியை ஒட்டி இருக்கும், உங்களுடையதற்கு எவ்வளவு என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். சூட்டைப் பெரும்பாலும் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வைத்துத்தான் படிக்க வேண்டும். அந்தச் சூட்டில் பிளக்கைத் திறந்தால் ஆயில் நூல் போல ஒழுகிச் சொட்டு சொட்டாக மாற வேண்டும். அந்த நேரத்தில் பிளக்கை மூடினால் அளவு சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் குறைவு, ஊற்றி நிரப்புங்கள். 60 டிகிரி வரை ஏற விட்டுவிட்டுத் திறந்தால் விரிந்த ஆயில் எல்லாம் வழிந்து, குளிர்ந்த பிறகு குறைவாக நிற்கும்.

ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி இதைச் செய்யாதீர்கள், அளவும் தப்பும், ஆளுக்கும் ஆபத்து. நாலு பக்கமும் ஸ்டாண்டு, அல்லது லிஃப்ட் உள்ள இடம்.

இரவுப்பயணி:
அப்டேட். 100 மி.லி. சிரிஞ்ச் ஒன்றும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயும் வாங்கி, டிப்ஸ்டிக் குழாய் வழியே உறிஞ்சினேன். எட்டரை சிரிஞ்ச், அதாவது 850 மி.லி. ஒவ்வொரு இரண்டு சிரிஞ்சுக்கும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அளவு பார்த்தேன். கடைசியில் சூடான நிலையில் இரண்டு ‘ஹாட்’ கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறது.

முதல் நாள் பாதிதான் சரியானது. மறுநாள் நுரை அடங்கிய பிறகு ஒரு மணி நேரம் நெரிசலில் ஓட்டினேன். தயக்கம் இல்லை. ரிவர்ஸிலிருந்து டிரைவ் போட்டால் லேசான அசைவு மட்டும். 850 மி.லி.க்காக நான் கியர்பாக்ஸ் ஓவர்ஹால் வரை யோசித்துவிட்டேன்.

எடுத்த ஆயில் பழுப்பாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் சிவப்பு. தீய்ந்த வாடை இல்லை.

ஓரம்போ:
பார்த்தீர்களா? ஆயிலை மாற்றாமலேயே சரியாகிவிட்டது. நான் சொன்னதுதான்.

கிரீஸ்விரல்:
நீங்கள் சொன்னது கையை வைக்காதே என்று. அவர் கையை வைத்ததால்தான் சரியானது.

‘ஆயுள் முழுவதற்கும்’ என்பதில் யாருடைய ஆயுள் என்று யாரும் சொல்வதில்லை. இசட்.எஃப்.பை எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனையோ கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து கொடுப்பவர்கள். அவர்களே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டில், ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். அதே பெட்டியைப் பொருத்திய கார் கம்பெனி மாற்றவே வேண்டாம் என்று எழுதுகிறது. பெட்டியைச் செய்தவன் பேச்சைத்தான் நான் கேட்பேன்.

அப்புறம் உங்கள் நண்பர் கதை. இது எனக்கு நன்றாகத் தெரிந்த கதை, வெவ்வேறு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். நழுவ ஆரம்பித்த பிறகுதான் முக்கால்வாசிப் பேர் ஆயில் மாற்ற வருகிறார்கள். அதற்குள் கிளட்ச் லைனிங் தேய்ந்து, அந்தத் துகளெல்லாம் ஆயிலில் மிதந்துகொண்டு கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும். சுத்தமான ஆயில் போனதும் மிச்சமிருந்த பிடிப்பும் போகும். பழி புது ஆயில் மேல். சாகப்போகிறவனுக்குக் கடைசியில் தண்ணீர் கொடுத்தவன்தான் கொன்றான் என்பது மாதிரி. குச்சியில் ஆயில் கருத்து, தீய்ந்த வாடையும் வந்து, வண்டியும் நழுவுகிறதென்றால், ஆயில் மாற்றினால் பிழைக்கும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

இரவுப்பயணியின் ஆயில் அப்படி இல்லை. பழுப்பு என்றால் வயசாகிவிட்டது, அவ்வளவுதான். அதோடு நுரையோடும் சூட்டோடும் இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. மாற்றுங்கள்.

இரவுப்பயணி:
அப்படியானால் ஃபிளஷ்?

மூன்றாம்கியர்:
எனக்குப் பிடிக்காது. மெஷின், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாயில் இணைந்து பழையதை வெளியேற்றிப் புதியதை ஏற்றும். ஒழுங்காகச் செய்தால் கிட்டத்தட்ட முழு ஆயிலும் மாறும், அது உண்மை. ஆனால் முன்பு எந்த வண்டியின் ஆயில் அந்த மெஷினில் ஓடியது, கிளீனர் மருந்து ஏதும் சேர்க்கிறார்களா, பேனைக் கழற்றி ஃபில்டரைப் பார்த்தார்களா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஒரு லட்சம் கி.மீ. வண்டல் கிளம்பிப் போய் வால்வு பாடியின் சந்துகளில் உட்கார்ந்தால் யார் பதில் சொல்வது?

இறக்கி நிரப்புவதே போதும். ஒரு தடவையில் முழுவதும் வராது, டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டர், ஒரு தடவைக்கு 3 லிட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். முதல் தடவைக்குப் பிறகு பழையது சுமார் 62 சதவீதம், இரண்டாம் தடவைக்குப் பிறகு 39, மூன்றாவதற்குப் பிறகு 24. நடுவில் சில நூறு கி.மீ. ஓட்டினால் நன்றாகக் கலக்கும். நாலாவது தடவைக்கு ஆயில் செலவுதான் கூடும், பலன் குறைவு.

கிரீஸ்விரல்:
அதோடு ஒன்று. பிளக்கைத் திறக்கும் முன், ஊற்றுகிற வழி திறக்கிறதா என்று பாருங்கள். டிப்ஸ்டிக் குழாய் வழியே ஊற்றும் வண்டிக்குப் பிரச்சினை இல்லை. ஃபில் பிளக் உள்ள வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருந்தால், கீழே எல்லாம் கொட்டிவிட்டு மேலே ஊற்ற முடியாமல் நிற்க வேண்டியதுதான்.

இறங்கியதை அளவுக் குவளையில் அளங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவே திரும்ப ஊற்றுங்கள். உங்கள் அளவு இப்போது சரியாக நிற்பதால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும்.

வலதுபின்சக்கரம்:
கீழே இருக்கும் பிளக் கியர்பாக்ஸுடையதுதானா என்றும் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றுகிறேன் என்று படுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் பிளக்கைத் திறந்துவிட்டேன். அதைக் கவனிக்காமல் மேலே எஞ்சினில் நாலு லிட்டர் ஊற்றினேன். ஆக எஞ்சினில் இரண்டு மடங்கு, கியர்பாக்ஸில் ஒன்றுமில்லை. ஸ்டார்ட் செய்யும் முன் தட்டில் சிவப்பாகத் தெரிந்ததால் தப்பித்தேன்.

இரவுப்பயணி:
முதல் தடவை முடிந்தது. இறங்கியது 3.1 லிட்டர், ஊற்றியது 3.1 லிட்டர். பேனையும் கழற்றினேன், ஃபில்டரும் கேஸ்கெட்டும் புதிது. பேனுக்குள் இரண்டு காந்தம். அதன் மேல் சாம்பல் நிறத்தில் பசை, கால் அங்குலத்துக்கும் குறைவு. விரலால் தேய்த்தால் கண்மை மாதிரி வழவழப்பு, நெருடல் இல்லை. பேன் அடியில் துணுக்கு எதுவும் கிடைக்கவில்லை. இது சாதாரணம்தானா?

கிரீஸ்விரல்:
சாதாரணம்தான். கிளட்ச் தட்டும் கியரும் தேய்ந்த தூள் அது, அதைப் பிடிக்கத்தான் காந்தம். நகத்தில் நிற்கிற அளவு துண்டோ, ஊசி மாதிரி சீவலோ இருந்தால்தான் பயப்பட வேண்டும். ஆயில் ரோஸ் மில்க் மாதிரி வெளுத்திருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது வண்டியை ஸ்டார்ட்டே செய்யக் கூடாது. உங்களுக்கு இரண்டும் இல்லை.

சிவிடிக்காரி:
பழைய ஆயிலை என்ன செய்தீர்கள்? எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடையில்தான் ஊற்றுகிறார், சொன்னால் கேட்பதில்லை.

இரவுப்பயணி:
புது ஆயில் வந்த டப்பாக்களிலேயே திருப்பி ஊற்றி, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிட்டேன் அக்கா. டப்பா மேல் ‘பழையது’ என்று பெரிதாக எழுதினேன். என் வீட்டில் எதுவும் நடக்கும்.

இரவுப்பயணி:
மூன்றாவது தடவையும் முடிந்தது. நடுவில் தலா 300 கி.மீ. ஓட்டினேன். குச்சியில் இப்போது ஆயில் நல்ல சிவப்பு. கியர் மாறுவது இரண்டிலிருந்து மூன்றுக்கு மட்டும் கொஞ்சம் உணர முடிகிறது, மற்றவை தெரியவே இல்லை.

மூன்றாம்கியர்:
அது கம்ப்யூட்டர் பழைய ஆயிலுக்குப் பழகிவைத்த கணக்கு. சில நாள் ஓட்டினால் தானாகச் சரியாகலாம். ஆகாவிட்டால் ஸ்கேனர் உள்ள இடத்தில் அந்தக் கணக்கை, அதாவது அடாப்டேஷனை, ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.

கிரீஸ்விரல்:
ட்ரெயின் பிளக்கின் வாஷரை மூன்று தடவையும் மாற்றினீர்களா?

இரவுப்பயணி:
இரண்டு தடவை மாற்றினேன். மூன்றாவது முறை வாஷர் தீர்ந்துவிட்டது, பழையதையே திருப்பிப் போட்டேன்.

இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக்கின் நுனியில் ஒரு சிவப்புச் சொட்டு தொங்குகிறது. நாளைக் காலை வாஷர் வாங்கப் போகிறேன்.

கிரீஸ்விரல்:
போங்கள். இறங்குவதை அளக்க மறக்காதீர்கள்.